துரு என்று நான் சொன்ன தண்ணீர்

எங்கள் பங்குக் கோயிலின் பொன்விழா மலருக்கு, பங்கில் வாழும் சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி ஃபாதர் கேட்டபோது, நான் என் அப்பாவைத்தான் எழுதுவேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பா முப்பது வருடம் கோயில் மணி அடித்தவர். எழுத நிறைய இருக்கிறது, எழுதினால் வீட்டுக்கும் கொஞ்சம் பெருமை. ஆனால் நான் சகாயமேரியைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். அதனால்தான் இரண்டு மாதம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன்.

அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு இல்லை. எட்டாவது வரை நாங்கள் ஒரே வகுப்பு. அவளுக்கும் எனக்கும் இப்போது ஐம்பத்திரண்டு வயது. எட்டாவது முடித்த கோடை விடுமுறையில் அவளுடைய அம்மா அவளை மரக்காணம் உப்பளத்துக்குக் கூட்டிப்போனாள். விடுமுறைக்கு மட்டும் என்றுதான் பேச்சு. விடுமுறை முடிந்து நான் ஒன்பதாவதுக்குப் போனேன், அவள் உப்பளத்திலேயே நின்றுவிட்டாள். அதற்கு யாரும் பெரிய காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

உப்பள வேலையைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து மலரைப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. கழிமுகத்துத் தண்ணீரை ஒரு பாத்தியில் கட்டி, வெயிலில் காயவிட்டு, அடுத்த பாத்திக்கு மாற்றி, அதையும் காயவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாக விளைய வைப்பார்கள். விளைந்ததை நீளக் கழியில் மாட்டிய பலகையால் வாரி வரப்பில் குவிப்பது பெண்கள். விடியும் முன்னே இறங்கி, வெயில் ஏறும் முன்னே கரை ஏற வேண்டும். காலில் வெடிப்பு விழுந்தால் அதே காலோடுதான் மறுநாளும் உப்பில் நிற்க வேண்டும். சகாயமேரி முப்பத்தெட்டு வருடமாக அப்படி நிற்கிறாள். மழைக்காலத்தில் வேலை இருக்காது. அவள் கணவர் மரியதாஸ் திண்டிவனம் சாலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார், அதில் அடுப்பு எரியும்.

அவளைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது இவ்வளவுதான். யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. அவள் பார்ப்பாள். நாம் எல்லோரும் பார்க்கிறோம் என்று சொல்லாதீர்கள். நான் நாற்பது வருடமாக அந்த உப்பளத்தின் ஓரமாக சைக்கிளிலும் பைக்கிலும் போய் வருகிறேன். கடைசிப் பாத்தித் தண்ணீர் உப்பாவதற்கு முன்னால் ரோஜா நிறமாகி, பிறகு ரத்தச் சிவப்பாகும். அது என் கண்ணில் பட்டது என்றுதான் சொல்ல முடியும், பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்திய சிஸ்டர் மாற்றலாகிப் போனதும், உறுதிப்பூசுதல் என்ற சடங்குக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வகுப்புக்கு ஆள் இல்லாமல் போயிற்று. ஆசிரியர்கள் நாங்கள் ஆறு பேர் பங்கில் இருந்தோம். ஆறு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. சகாயமேரி எழுந்து, "யாராவது வர்ற வரிக்கும் நான் புள்ளைங்களோட உக்காந்துக்கினு இருக்கறேன் ஃபாதர்" என்றாள். யாரும் வரவில்லை. ஒன்பது வருடம் அவளே நடத்தினாள். பிள்ளைகள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். எங்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், அவளுடைய வகுப்பில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். படைப்பைப் பற்றிய பாடம் வந்த வாரம் அவர்களை உப்பளத்துக்கே அழைத்துப்போய், சிவந்த பாத்தியின் வரப்பில் நிற்க வைத்து, "இந்தத் தண்ணி சும்மா செவக்கல. இதுக்குள்ள உசுரு இருக்குது. வாயில வெச்சா நாக்கு பொத்துப்போற தண்ணி இது. இங்கயும் உசுர வெக்கணும்னு ஆண்டவருக்குத் தோணியிருக்குது பாரு" என்று சொல்லியிருக்கிறாள். அவள் தினமும் வேலைக்கு இறங்கும் முன் அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். அன்று பிள்ளைகளும் போட்டுக்கொண்டார்கள்.

அந்தத் தவக்காலத்தில் பங்கு மன்றத்தில் "விசுவாசமும் விஞ்ஞானமும்" என்று ஒரு கூட்டம். பேச்சாளர் நான். நான் படித்தது பி.எஸ்சி. இயற்பியல். உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். அதில் உயிரியலும் வரும், புத்தகத்தில் இருப்பதைச் சொல்லிவிட்டு வருவேன். என் விசுவாசத்தைப் பற்றிச் சொல்லவேண்டுமானால், கல்லூரிக் காலத்திலேயே அது இரண்டாக உடைந்துவிட்டது. ஆசிரியர் அறையில் கோயிலைப் பற்றிப் பேச வெட்கப்படுவேன். கோயிலில் என் சந்தேகங்களைப் பற்றிப் பேச வெட்கப்படுவேன். இரண்டையும் சேர்த்து வைத்து ஒருநாளும் யோசித்ததில்லை. அப்படிப்பட்டவன் அன்று மைக்கைப் பிடித்து, சூரியன் இன்னும் கொஞ்சம் கிட்டே இருந்தால் நாம் கருகியிருப்போம், கண்ணின் அமைப்பைப் பாருங்கள், கடவுளின் கைவண்ணத்தைப் பாருங்கள் என்று எங்கெங்கோ படித்ததை முக்கால் மணி நேரம் ஒப்பித்தேன். கைதட்டினார்கள். புதுச்சேரியில் இருந்து விருந்தினர்கள் வேறு வந்திருந்தார்கள்.

கேள்வி நேரத்தில் சகாயமேரி எழுந்தாள். கையில் துணிப்பை. அதிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தாள். பாதிக்கு மேல் சிவப்புத் தண்ணீர்.

"சார், இது நம்ம பாத்தித் தண்ணி. இதுல உசுரு இருக்குதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிட்டேன். இத ஜன்னலாண்ட வெச்சா செவப்பெல்லாம் வெளிச்சம் வர்ற பக்கமா சேருது. பாட்டில திருப்பி வெச்சா சாயங்காலத்துக்குள்ள மறுபடியும் ஜன்னல் பக்கமே வந்துடுது. வெறும் சாயமா இருந்தா வெளிச்சத்தத் தேடிக்கினு போவுமா? நான் சொன்னது சரியா தப்பான்னு நீங்கதான் சொல்லணும். தப்புன்னா புள்ளைங்களுக்கு அதச் சொல்லக் கூடாது இல்ல?"

எவ்வளவு நேர்த்தியான கேள்வி என்று இன்று எனக்குத் தெரிகிறது. என் மாணவன் ஒருவன்கூட இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு சோதனை செய்து பார்த்து வந்து கேட்டதில்லை. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இதற்குப் பதில் எனக்குத் தெரியாது. "தெரியாதும்மா, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை வாயில் வரவில்லை. விருந்தினர்கள் முன்னால், உப்பு வாருகிற பெண்ணிடம், தெரியாது என்று சொல்வதா?

பாட்டிலை வாங்கி எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தேன். "கருவாட்டுல ஏன் புழு வைக்க மாட்டேங்குது? ஊறுகாய் ஏன் கெடமாட்டேங்குது? உப்பு! உப்புல எந்தக் கிருமியும் நிக்காது. இது மண்ணுல இருக்கற இரும்பு. துரு. டீச்சரம்மா, துருவுக்கு உசுரு கெடையாது."

மன்றமே சிரித்தது. கருவாடும் ஊறுகாயும் தெரியாத வீடு இந்தக் கடற்கரையில் இல்லை, அதனால் எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. நான் அத்தோடு விட்டேனா? வாசலில் இருந்த குரோட்டன் தொட்டியில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காலிப் பாட்டிலை அவளிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க சார்" என்று உட்கார்ந்தாள். யாரோ எடுத்த வீடியோ அன்று மாலையே பங்கு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நான் அதை நான்கு தடவை பார்த்தேன்.

அடுத்த வாரம் என் மனைவி ஜோசப்பின் சந்தையிலிருந்து வந்து ஒரு செய்தி சொன்னாள். சகாயமேரி பதினொரு பிள்ளைகளின் வீட்டுக்கும் போயிருக்கிறாள். வேலை முடித்து, குளித்து, கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையைக் கூப்பிட்டு, பெற்றவர்கள் முன்னால், "நான் தெரியாம ஒரு பொய் சொல்லிட்டேன். அந்தத் தண்ணியில உசுரு இல்ல. துருதானாம். மன்னிச்சிக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். பதினொரு வீடும் முடிந்ததும் வகுப்பு வருகைப்பதிவேட்டை ஃபாதரிடம் கொடுத்துவிட்டாளாம். "தெரியாதத சொல்லிக்குடுக்கற ஆளு புள்ளைங்களுக்கு வேணாம் ஃபாதர்."

"உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்று கேட்டாள் ஜோசப்பின்.

"தப்புன்னு தெரிஞ்சதும் திருத்திக்கிட்டா. நல்லதுதானே" என்றேன். மனதுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதும்போது பேனா கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் பாத்தித் தண்ணீரில் விரல் நனைக்கவில்லை என்று உடன் வேலை செய்யும் பெண்கள் சொன்னார்கள். பூசைக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள். எதிரே பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்" என்பாள். கேள்வி மட்டும் எதுவும் கேட்கவில்லை.

போன மார்ச்சில் எனக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் பிளஸ் ஒன் தேர்வு மேற்பார்வை. தேர்வு தொடங்கும் முன் பிள்ளைகள் புத்தகங்களை வராந்தாவில் குவித்துவிட்டு உள்ளே போவார்கள். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. குவியலின் மேலே கிடந்த உயிரியல் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். நுண்ணுயிர்களைப் பற்றிய பக்கம். கடும் உப்பில் மட்டுமே வாழும் உயிர்கள் உண்டு என்றும், உப்பளங்களில் அவை பெருகுகின்றன என்றும் போட்டிருந்தது. இரண்டே வரி. பதினாறு வயதுப் பிள்ளைகள் ஒரு மார்க்குக்குப் படித்துக்கொண்டு போகிற இரண்டு வரி.

மூன்று மணி நேரம் அந்த அறையில் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு பையன் எழுந்து கூடுதல் தாள் கேட்டதுகூட எனக்கு இரண்டாம் தடவைதான் காதில் விழுந்தது. மழை நாட்களில் எங்கள் வீட்டுக் கருவாட்டில் சிவப்பு ஏறும். "செவப்பு ஏறிடுச்சு" என்று ஜோசப்பின் அதைக் குப்பையில் போடுவாள். ஏறியது என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எந்தக் கருவாட்டை வைத்து அவளை மடக்கினேனோ, அந்தக் கருவாட்டிலேயே அவை இருந்திருக்கின்றன.

தலைமையாசிரியரிடம் கையெழுத்துப் போட்டு ஆய்வகத்து நுண்ணோக்கியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். உப்பளத்தில் சிவந்த பாத்தியில் ஒரு டப்பா தண்ணீர் மொண்டு வந்து, மாடியில் வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். திடீரென்று வந்தன. முட்டை வடிவத்தில், செம்பழுப்பு நிறத்தில், நூற்றுக்கணக்கில். சில சுழன்றன. சில நேராக நீந்திப் போய் வேறொன்றில் முட்டித் திரும்பின. அவை ஒரு வகைப் பாசி என்றும், இன்னும் சிறிய உயிர்களும் அந்தத் தண்ணீரில் உண்டு என்றும், கேரட்டுக்கு நிறம் தருகிற அதே பொருள்தான் இவற்றை வெயிலில் கருகாமல் காக்கிறது என்றும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். உப்பு விளையும்போது சில உயிர்கள் கல்லுக்குள் ஒரு சொட்டு நீரோடு அடைபட்டு, அதற்குள்ளேயே வெகுகாலம் சாகாமல் கிடக்குமாம்.

அந்த மாடியில் எனக்கு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கடவுள் இருப்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அந்த மாதிரிப் பேச்சை முக்கால் மணி நேரம் பேசியவன் நான், அதன் லட்சணம் எனக்குத் தெரியும். ஆனால் முப்பது வருடத்துக்குப் பிறகு அன்றுதான் நான் ஜெபம் செய்ய விரும்பினேன். இங்கேயும் உயிரை வைக்கத் தோன்றிய அந்த மனது எப்படிப்பட்டது என்று வியந்தேன். புத்தகத்து இரண்டு வரிக்கும் அந்த வியப்புக்கும் எந்தச் சண்டையும் இல்லை. வரியைப் படித்ததால்தான் வியப்பே வந்தது. சண்டை எல்லாம், பார்க்காமலே பேசிய என் வாயில்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்த சந்தோஷத்தை என்னால் அனுபவிக்க முடியவில்லை. அது சகாயமேரியுடையது. நான் அவளிடமிருந்து பிடுங்கித் தொட்டியில் கொட்டியது.

சனிக்கிழமை காலை நுண்ணோக்கியோடு உப்பளத்துக்குப் போனேன். வேலை முடித்து வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். "இன்னா சார், இவ்ளோ தூரம்?" என்று எழுந்தாள். நான் உப்பு மூட்டை ஒன்றின்மேல் கருவியை வைத்து, சொட்டை வைத்து, "பாரு மேரி" என்றேன். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டது போல வந்துவிட்டது.

அவள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன். நீ சொன்னதுதான் சரி. என்னை மன்னிச்சிடு" என்றேன்.

என்மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள். "இதுங்க இவ்ளோ பேரு இங்க இருக்கசொல்ல, பதினோரு வூட்லயும் போயி இல்லன்னு சொல்லிட்டு வந்தேனே சார். ரெண்டு வருசமா இதுங்க மேலயே நடந்துக்கினு, துரு துருன்னு நெனச்சிக்கினு இருந்தேனே."

"நீ ஏன் அழுவுற? தப்பு என்னுது. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"வேணாம் சார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க பத்தாவது எடுக்கறீங்க. பரீட்ச நேரம். வாத்தியார் சொன்னது தப்புன்னு தெரிஞ்சா புள்ளைங்க எத நம்பிப் படிக்கும்? எனக்குத் தெரிஞ்சிடுச்சு, அது போதும். நான் உப்பு வார்றவ, என்ன யாரு கேக்கப் போறாங்க?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். நான் "சரி" என்றேன்.

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. பைக்கில் திரும்பும்போது விசில்கூட அடித்தேன். வீட்டில் ஜோசப்பின், "இன்னா சொன்னாங்க?" என்றாள். "மன்னிச்சிட்டா" என்றேன். "அவங்க மன்னிச்சிட்டாங்க. நீங்க இன்னா செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். அன்று அவள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

தேர்வுகள் முடிந்து, ரிசல்ட் வந்து, அடுத்த வருடப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். சொல்வதற்கு நல்ல நேரம் என்று ஒன்று வரவே இல்லை. அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் எங்கள் பள்ளியில் படித்தவர்கள். அவர்களில் ஆஷ்லின் என்ற பெண் ஒருநாள் சாலையில் சகாயமேரி எதிரே வரும்போது பக்கத்தில் இருந்தவளிடம், "இவங்கதான் எங்களுக்குத் துருவுல உசுரு இருக்குன்னு சொல்லிக் குடுத்தவங்க" என்று சொல்லிச் சிரித்ததை நான் என் காதால் கேட்டேன். சகாயமேரியும் கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டே நடந்து போனாள். நான் பைக்கை நிறுத்தவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து எழுதியதுதான் இது. எழுதி முடித்ததும் முதலில் அவளிடம் எடுத்துப்போய்க் கொடுத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். குரோட்டன் தொட்டி வந்த இடத்தில் கொஞ்சம் நின்று, மறுபடியும் படித்தாள். முடித்துவிட்டுத் தாள்களை மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல எங்கயும் உங்க பேரு இல்ல. அது அப்படியே இருக்கட்டும் சார். பேரு போட வேணாம். வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு அசிங்கம்?"

இந்தத் தடவை நான் சரி என்று சொல்லவில்லை. அவளிடமே ஒரு பேனா கேட்டு வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்தக் கடைசி வரிகளை எழுதினேன். அந்தத் தண்ணீரில் உயிர் இருக்கிறது. சகாயமேரி பிள்ளைகளிடம் முதலில் சொன்னதுதான் உண்மை, இரண்டாவது சொன்னது என் பொய். என் பெயர் செல்வநாதன்.